பத்து நாளில் சுவடு வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மாணவிகளுக்குப் பத்து நாள் தற்காப்புக் கலை முகாம் நடந்த செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போன வருடம் என் மகளும் அப்படி ஒரு முகாமுக்குப் போனாள். வீட்டில் சான்றிதழ் இருக்கிறது, கையை ஓங்கினால் காலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஓர் ஆசானிடம் அடிமுறை என்கிற நம் பழைய தற்காப்புக் கலையைப் படித்தவன். வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்ட நாளில் இருந்து மாதக்கணக்கில் ஒற்றைச் சுவடுதான், அதாவது தனியாகக் காலடி வைத்துப் பழகுவது, நாலு திசைக்கும் திரும்பி, தாழ நின்று, தடுத்து, அடித்து, மறுபடியும் முதலில் இருந்து. அப்புறம்தான் கூட்டச் சுவடு, ஆளோடு ஆள் நிற்பது எல்லாம். கம்பு கைக்கு வந்தது அதற்கும் பிறகு. ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், அடி வரும்போது நேராகப் பின்னால் போனால் அடுத்த அடி துரத்தி வரும், கோணலாக ஒரு சுவடு ஒதுங்கினால் அடிக்க வந்தவன் தன் வேகத்திலேயே நம்மைத் தாண்டிப் போவான், அந்த இடைவெளியில் கையைத் தட்டிவிட்டு வெளியேறலாம். பலம் குறைந்தவருக்கு இதுதான் வழி. இதை யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, கால் தானாகப் போகணும்.

தொட்டால் ஆள் விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டு வர்மம், அதாவது உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்களின் வித்தை, கேட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்று மொத்தம் 108 இடம் சொல்வார்கள். ஆசான் அதைக் கடைசியில்தான் காட்டுவார், அதுவும் பல வருடம் குணம் பார்த்தவர்களுக்கு, கூடவே அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் சேர்த்து. நம் மாவட்டத்தில் ஆசான் என்றால் வைத்தியரும்தான்.

அந்த முகாமுக்குச் செலவாகும் பணத்தில் ஊரில் இருக்கும் ஆசான் ஒருவரை வாரம் இரண்டு சாயங்காலம், வருடம் முழுக்க வரச் சொல்லலாமே. ஒரு பள்ளியில் இதைக் கேட்டேன், பாடம் கெடும் என்றார்கள். நீங்கள் எழுதினால் கேட்பார்கள். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், எங்கள் ஆசான் தென்னை விளையில் வெறும் மண்ணில்தான் சொல்லித் தந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை