உணவுக்கடைக்காரர் நலச் சங்கம்: 2006ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

(சிங்கப்பூர், ஆண்டுப் பொதுக்கூட்டம், மார்ச் 2007)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை தீபாவளிக்கு முன்பே வழங்கப்பட்டது. அக்டோபரில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம், வெளியே மேசை போட்டிருந்த கடைகளின் வியாபாரத்தைப் படுக்கவைத்தது. நோன்பு மாதமும் அப்போதே வந்ததால், மாலை வியாபாரத்தை நம்பியிருந்தவர்களுக்குப் பெரிய அடி. வாடகைத் தள்ளுபடி கேட்டு எழுதினோம், கிடைக்கவில்லை.

மற்றபடி சென்ற ஆண்டு சங்கத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டது பறவைக் காய்ச்சல்தான். சிங்கப்பூரில் இதுவரை ஒரு கோழிக்கோ ஒரு மனிதருக்கோ இந்த எச்5என்1 கிருமி தொற்றவில்லை. வராத நோய்க்கு இத்தனை கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களை 2004 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் கோழிகள் செத்தன. உடனே மலேசியா முழுவதிலிருந்தும் கோழிக்கும் முட்டைக்கும் இங்கே தடை. உயிர்க்கோழி முழுவதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. கோழிச்சோற்றுக் கடைகளின் அடுப்பு அணைந்தது, பிரியாணிக் கடைகள் உறைந்த கோழிக்கு மாறின, முட்டைப் பரோட்டா கேட்டவரிடம் கடைக்காரர் முழித்தார். நோய் எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் நம் கல்லாவைத் தொட்டுவிட்டது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் அதே கலக்கம் மீண்டும் வந்தது. 18ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நோய் உறுதியானது. இரண்டொரு நாளில் மலேசியாவின் சிலாங்கூரிலிருந்தும் செய்தி. மார்ச்சில் பேராக், பினாங்கு. நாமக்கல்லில் நோயே இல்லை, இருந்தும் முட்டை தேங்கிக் கிடக்கிறது என்று ஊரிலிருந்து வந்த தொலைபேசிப் புலம்பல்களை உறுப்பினர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் நம் கடைகளில் இம்முறை கோழி தீர்ந்துபோகவில்லை. 2004க்குப் பிறகு, ஒரு மாநிலத்தில் நோய் கண்டால் நாடு முழுவதையும் அடைக்காமல், நோயற்ற வட்டாரங்களைத் தனியே பிரித்துப் பார்க்கும் முறை வந்திருந்தது. தடை நோய் கண்ட மாநிலங்களோடு நின்றது. நோய் காணாத ஜோகூர் மாநிலத்தின் கோழி லாரிகள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களும் நம் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்தாரும் ஒருவர் சோதனையை மற்றவர் நம்பினால்தான் இது நடக்கும். ஜூன் மாதம் மலேசியா நோய் நீங்கிய நாடாகத் தன்னை அறிவித்தபோது நம் கடைகளில் யாரும் அதைக் கொண்டாடவில்லை. கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாற்பத்து நான்கு லட்சம் பேர் வாழும் இந்தச் சின்னத் தீவில் இருப்பவை சில முட்டைப் பண்ணைகள் மட்டுமே. கறிக்கோழி எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. ஈரச்சந்தையில் உயிர்க்கோழி அறுப்பது எப்போதோ நின்றுவிட்டது. புலாவ் உபின் தீவுக்காரர்கள் அவிழ்த்துவிட்டு வளர்த்த கோழிகளையும் 2005இல் கைவிட வேண்டிவந்தது. உள்ளே அடைக்க வேண்டிய ஓட்டைகளைப் பெரும்பாலும் அடைத்தாகிவிட்டது. மிச்சமிருப்பவை கடலுக்கு அப்பால் இருக்கின்றன. அதனால்தான் நம் அரசு இந்தோனேசியாவின் தாங்கராங்கில் போய் வேலை செய்கிறது. அந்நாட்டில் முதன்முதலாக மனிதருக்கு இந்நோய் உறுதியானது 2005 ஜூலையில், அந்த வட்டாரத்தில்தான். இந்தோனேசியா, அமெரிக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து கண்காணிப்பு, ஆய்வுக்கூடம், மக்களுக்கு விளக்குவது என்று ஒரு முன்னோடித் திட்டத்தை 2006இல் தொடங்கின. "நம் வரிப்பணம் அங்கே எதற்கு?" என்று ஒரு கூட்டத்தில் குரல் எழுந்தது. 2006இல் உலகெங்கும் இந்நோய் உறுதியான 115 பேரில் 55 பேர் இந்தோனேசியர்; அவர்களில் 45 பேர் இறந்தனர். மே மாதம் வட சுமத்ராவின் காரோவில் ஒரே குடும்பத்தில் ஏழு பேர் போனார்கள். அந்த வட சுமத்ராவின் மேடான் நகரிலிருந்து இங்கே விமானத்தில் வர ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

ஜப்பான் கொடுத்த பணத்தில் ஆசியான் நாடுகளுக்காக 5 லட்சம் பேருக்கான டாமிஃபுளு என்ற காய்ச்சல் மருந்தும் 7 லட்சம் பாதுகாப்பு உடைத் தொகுப்புகளும் வாங்க ஏற்பாடாகி, அந்தக் கிடங்கு சிங்கப்பூரில் அமைகிறது. எங்கே தீப்பிடித்தாலும் இங்கிருந்து தண்ணீர் போக வேண்டும் என்பது கணக்கு. நம் மக்களில் கால்வாசிப் பேருக்கான மருந்தை அரசு தனியே சேர்த்து வைக்கிறது.

ஒத்துழைப்பு என்றால் எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்ற மாதம் இந்தோனேசியச் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி, கிருமி மாதிரிகளை இனி உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதில்லை என்றார். தங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரியில் தடுப்பூசி செய்து, தங்களால் வாங்க முடியாத விலைக்கு விற்பார்கள் என்பது அவருடைய குறை. மாதிரி வராவிட்டால் கிருமி எப்படி மாறுகிறது என்று எவருக்கும் தெரியாது. நமக்கும் அது ஆபத்துதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாவு கொடுத்தவனுக்கே பணியாரம் இல்லை என்றால் அடுத்தமுறை மாவு வருமா? வரும் ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வரும் அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள், நோய் கண்ட நாடு உடனே சொல்ல வேண்டும் என்கின்றன. சொன்ன நாட்டுக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பது இன்னும் தீரவில்லை.

இனி நம் கடைகளுக்கு வருகிறேன்.

ஜூலையில் சுகாதார அமைச்சு 'ஸ்பேரோஹாக்' ஒத்திகையை நடத்தியது. மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் கொள்ளைநோய் வந்ததுபோலவே நடந்து பார்த்தன. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிலைமையை வண்ணத்தால் சொல்லும் முறையை அதன் பிறகு தமிழில் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். 2003இல் சார்ஸ் காலத்தில் இங்கே 238 பேருக்கு நோய் கண்டு 33 பேர் இறந்ததும், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை மூடப்பட்டுக் காய்கறிக்கு அலைந்ததும் பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அன்று முன்கூட்டியே சொல்ல யாருக்கும் நேரமிருக்கவில்லை.

அதிகம் சண்டை நடந்தது அரைவேக்காட்டு முட்டையால்தான். கோழிக்கறியின் உட்பகுதி வரை 70 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் கிருமி சாகும். நோயுள்ள இடங்களில் மஞ்சள்கரு ஓடும் முட்டையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காலைப் பசியாறலுக்கு வரும் முதியவரிடம் முட்டையை நன்றாக வேகவைக்கட்டுமா என்று கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று காப்பிக்கடை உறுப்பினர்கள் வாதிட்டார்கள். இப்போது வரும் முட்டை சோதிக்கப்பட்டது என்பதால் அவர்கள் சொன்னதைச் செயற்குழு ஏற்றது. ஆணையம் அறிவித்தால் அன்றே நிறுத்துவது என்று முடிவு. உறைந்த கோழியில் பிரியாணி செய்து பார்க்க ஒரு ஞாயிறு ஏற்பாடு செய்தோம். முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, நீரை நன்றாக வடித்துவிட்டால் குறை தெரியவில்லை. மாஸ்டர்கள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உண்மையில் கவலை ஊழியர்களைப் பற்றித்தான். வேலை அனுமதிச்சீட்டில் வந்த நம் தம்பிகள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் பரோட்டாக் கல்லும் இல்லை, தேநீரும் இல்லை. சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் காய்ச்சலை மறைப்பவர்களும் உண்டு. அதனால் இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு இன்று உங்கள் முன் வைக்கிறது. காய்ச்சல் கண்ட ஊழியருக்கு மருத்துவர் விடுப்பு எழுதினால் அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. தனியே தங்க இடம் தேவைப்பட்டால் அதற்குச் சங்க நிதியிலிருந்து உதவலாம். அடுத்து, ஒவ்வொரு கடையும் பக்கத்துக் கடையோடு பேசி, யார் படுத்தால் யார் கல்லுக்கு நிற்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் வாசலில் இருக்கிறது.

சென்ற ஆண்டு மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் அனுதாபங்கள். கூட்டங்களுக்கு இடம் தந்த சமூக மன்றத்தாருக்கும், தமிழில் விளக்கம் சொல்ல வந்த மருத்துவருக்கும், தேநீர் ஊற்றிய அனைவருக்கும் நன்றி.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். தீர்மானங்கள் மீதான வாக்கெடுப்பு அதன் பிறகு.

செயலாளர்