விழுக்காட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் போடுங்கள்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களின் தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளிவாரியாக வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள பள்ளிகளுக்குப் பச்சை, கீழே உள்ளவற்றுக்குச் சிவப்பு. தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, செபெராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளியிலிருந்து மகனை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். "போன வருஷம் 75, இந்த வருஷம் 50. பள்ளிக்கூடம் இறங்கிப்போச்சுதானே டீச்சர்?" புள்ளியியல் கற்பிப்பவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். பதிலை உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பள்ளியின் ஆறாம் ஆண்டில் எட்டுப் பேர். போன வருடமும் எட்டுப் பேர்தான். அப்போது ஆறு பேர் தேறினார்கள், இந்த முறை நான்கு பேர். 25 புள்ளிச் சரிவு என்று சிவப்பில் காட்டியது இரண்டே இரண்டு பிள்ளைகளை. தேர்வு வாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே அங்கே 12.5 புள்ளி போய்விடும்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு வருடத்திலும் சேர்த்துப் பதினாறு பேரில் பத்துப் பேர் தேறியிருக்கிறார்கள் அல்லவா, அதனால் பதினாறு துண்டுச் சீட்டுகளை எடுத்து, பத்தில் 'தேர்ச்சி' என்றும் ஆறில் 'தேர்ச்சி இல்லை' என்றும் எழுதுங்கள். காலி மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எட்டை எடுங்கள். கையில் இருப்பது ஒரு வருடம், டின்னில் மிஞ்சியது இன்னொரு வருடம். இந்தச் சீட்டுகளுக்கு நல்ல ஆசிரியரும் கிடையாது, மோசமான ஆசிரியரும் கிடையாது. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்தாகச் சமமாக விழுவது சராசரியாக 100-க்கு 39 தடவைதான். மீதி 61 தடவையும் இடைவெளி 25 புள்ளியோ அதற்கு மேலோ வந்து நிற்கும். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1930களில் வகுத்த துல்லியச் சோதனையும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஒரு மாற்றமும் இல்லாத இடத்தில்கூடப் பாதிக்கு மேற்பட்ட தடவை தானாக வந்துவிடும் ஒரு வித்தியாசத்தை வைத்து, ஒரு பள்ளி இறங்கிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதற்காக எல்லா வித்தியாசமும் தற்செயல் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழுவில் 75 விழுக்காடு, இன்னொன்றில் 65 என்று வையுங்கள். குழுவுக்கு 40 பேர் என்றால், இரண்டுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் இந்த அளவோ அதற்கு மேலோ இடைவெளி மூன்றில் ஒரு தடவை வரும். குழுவுக்கு 400 பேர் என்றால் ஆயிரத்தில் இரண்டு தடவைதான் வரும். அப்போது காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். இரண்டிலும் அதே 75, அதே 65. வேறுபடுவது நீங்கள் பட்டியலில் விட்டுவிட்ட எண்.

அமெரிக்காவில் இதே பாடத்தைப் பெரும் பணம் செலவழித்துக் கற்றார்கள். மதிப்பெண் பட்டியல்களின் உச்சியில் சிறிய பள்ளிகள் நிறைய இருப்பதைப் பார்த்து, பெரிய பள்ளிகளைப் பிரித்துச் சிறிதாக்க கேட்ஸ் அறக்கட்டளை உட்படப் பலர் நிதி கொடுத்தார்கள். அப்புறம் ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியா பள்ளிகளின் கணக்கை எடுத்துக் காட்டினார்: பட்டியலின் அடியிலும் சிறிய பள்ளிகளே அளவுக்கு மீறி இருந்தன. பிள்ளைகள் குறையக் குறைய விழுக்காடு மேலும் கீழும் அதிகமாக ஆடும், அவ்வளவுதான். உங்கள் பட்டியலின் பச்சையிலும் சிவப்பிலும் எத்தனை சிறிய பள்ளிகள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

நம் நாட்டில் 150-க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகள் ஏராளம். அங்கே முதலாம் ஆண்டுக்கு நான்கைந்து பிள்ளைகள் வராமல் போனாலே பெரிய அடி. எண்ணிக்கை இன்னும் சரிந்தால் இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் நிலை வரும். தவறாகப் படிக்கப்பட்ட ஒரு விழுக்காட்டால் இப்படி நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நாம் ஒரு வண்ணப் பட்டியலை அனுப்பி அந்த உழைப்பைக் கெடுக்கிறோம்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் நாடு முழுவதும் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பட்டியல்களை நாமேதான் திரட்டுகிறோம். ஆகவே அவற்றைச் சரியாகப் போடுவதும் நம் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பக்கத்தில் '8-இல் 4' என்று எண்ணிக்கையைப் போடுங்கள். சிறிய பள்ளிகளுக்கு ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தரவரிசையையும் வண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். பாலர்பள்ளிக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர், பிரத்தியேக வகுப்புக்குப் போக வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். அது தெரியாமல் ஆசிரியர்களை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன் திருத்திய பட்டியலை அதே புலனக் குழுக்களுக்கு அனுப்பிவையுங்கள். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எந்தச் சனிக்கிழமையானாலும் வந்து உட்காருகிறேன். அந்தத் தாய் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு புள்ளியியல் ஆசிரியை