ரீசெட் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு தெரியுமான்னு கேளுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "போன் ஸ்லோவா இருக்கா, ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, புதுசு மாதிரி ஆயிடும்"னு ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க. ஃபேக்டரி ரீசெட்னா போன்ல இருக்குறத எல்லாம் அழிச்சு, வாங்குனப்ப இருந்த மாதிரி ஆக்குறது. நான் திருத்துறைப்பூண்டில செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், காலைல கடை தொறந்ததும் உங்க பேப்பரத்தான் படிப்பேன், அந்த உரிமைல சொல்றேன், அந்த டிப்ஸ அரைகுறையா போட்டுட்டீங்க. பேப்பர கைல வெச்சுக்கிட்டே வந்து "இதுல போட்டிருந்தபடிதானே தம்பி பண்ணேன்"னு கேக்குறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லிட்டு இருக்கேன்.

போட்டோ, நம்பரெல்லாம் பேக்கப் எடுத்துக்கோங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த பேக்கப் எங்க போய் உக்காருது? கூகுள் அக்கவுண்டுல. அதோட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? நம்ம பக்கம் நெறைய பேருக்கு போன் வாங்குன அன்னைக்கு கடைப் பையனே அவசரத்துல ஒரு ஜிமெயில் போட்டு, வாய்க்கு வந்த பாஸ்வேர்டு ஒண்ணு வெச்சுக் குடுத்திருப்பான், இல்லன்னா சிங்கப்பூர்ல இருக்குற மகன் லீவுக்கு வந்தப்ப போட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பான், அதுல பாஸ்வேர்டு மறந்தா மீட்குறதுக்கான ரெக்கவரி நம்பரா அங்கத்திய பழைய நம்பர் இருக்கும். போன் ஓடுற வரைக்கும் யாரும் பாஸ்வேர்டு கேக்கப் போறதில்ல. ரீசெட் பண்ண அடுத்த நிமிஷம் கேக்கும்.

ஒரு பெரியவர் வந்தாரு. கஜா புயலுக்கு முன்னாடி அவரு தென்னந்தோப்பு எப்படி இருந்துச்சுன்னு எடுத்த போட்டோ, 2018 நவம்பர்ல புயல் அடிச்சப்புறம் மரமெல்லாம் படுத்துக் கெடந்த போட்டோ, ரெண்டும் அந்த அக்கவுண்டுல இருக்கு. ரீசெட் பண்ணிட்டாரு. பாஸ்வேர்டு தெரியல, ஜிமெயில் ஐடியில அவரு பேருக்குப் பின்னாடி என்ன நம்பர் வரும்னும் தெரியல. எப்படியோ மகன புடிச்சு பாஸ்வேர்ட வாங்கிப் போட்டா அடுத்து என்ன வருதுன்னா, உங்க போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கோம் அதுல யெஸ் அமுக்குங்கன்னு வருது, எந்த போனுக்குன்னு பாத்தா இப்ப ரீசெட் பண்ணி கைல வெச்சிருக்குற அதே போனு. அவரு என்னயப் பாக்குறாரு, நான் போனப் பாக்குறேன்.

பாஸ்வேர்டுக்கு மேல யெஸ், கோடுன்னு கேக்குற இந்த ரெண்டாவது பூட்டு நாமளா கேட்டுப் போட்டதுன்னும் சொல்ல முடியாது. 2021 கடைசிக்குள்ள 15 கோடி அக்கவுண்டுகளுக்கு கூகுளே தானா போட்டு விடப்போறதா அறிவிச்சுச்சு. எஸ்எம்எஸ்ல கோடு வாங்கலாம்னா பழைய நம்பர ரீசார்ஜ் பண்ணாம விட்டிருப்பாங்க, கட்டான நம்பர 90 நாளுக்கு அப்புறம் கம்பெனி வேற ஆளுக்குக் குடுத்துடலாம், நம்ம கோடு யார் போனுக்குப் போகுதுன்னே தெரியாது. லாகினுக்கு கோடு குடுக்குற அத்தென்டிகேட்டர் ஆப் வெச்சிருக்குற படிச்ச பசங்க கதை இன்னும் மோசம். அந்த ஆப்புல 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுற 6 நம்பர் இருக்கே அது நெட்டுலருந்தோ சிம்முலருந்தோ வரதில்ல, போனுக்குள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கு, அதயும் நேரத்தயும் சேத்துக் கணக்குப் போட்டு போனே குடுக்குது. ரீசெட் பண்ணா அந்தச் சாவி அழிஞ்சிடும், அதே சிம் அதே போனு இருந்தும் ஒண்ணும் ஆகாது. 2023 ஏப்ரல்லருந்து கூகுளோட ஆப்புல அக்கவுண்டுல சேமிச்சு வைக்குற வசதி வந்துச்சு, நல்லதுதான், ஆனா அந்த அக்கவுண்டே பூட்டிக் கெடந்தா?

பூட்டே வேணாம்னு நான் சொல்ல வரல. திருட்டுப் போன எவனாச்சும் ரீசெட் பண்ணி வித்துடக் கூடாதுன்னுதான் ஐபோன்ல 2013லயும் ஆண்ட்ராய்டுல 2015லயும் பழைய அக்கவுண்ட கேக்குற பூட்டு கொண்டுவந்தாங்க, அது இல்லாத காலத்துல பஸ் ஸ்டாண்டுல போன அடிச்சவன் அடுத்த தெருவுல வித்துட்டு டீ குடிச்சிட்டு இருப்பான். ஆண்ட்ராய்டுல பொதுவா செட்டிங்ஸ்குள்ள போய் ரீசெட் பண்ணா இந்தப் பூட்டு வராது, பேட்டர்ன் மறந்துபோய் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்து அமுக்கிப் பண்ணா வரும். பாஸ்வேர்ட இப்பத்தான் மாத்தியிருந்தா 24 மணி நேரம் கழிச்சு ரீசெட் பண்ணுங்கன்னு கூகுளே சொல்லியிருக்கு. உங்க டிப்ஸ்ல இதுல ஒரு வார்த்தகூட இல்லயே சார்.

இந்தப் பூட்ட பாஸ்வேர்டு இல்லாமலே தாண்டி விடுற பைபாஸ்னு ஒண்ணு பண்ணித் தர ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, என் தொழில்ல இருக்குறவங்கதான், சொன்னா கோவிச்சுப்பாங்க, பரவால்ல. பைபாஸ் பண்ணா போன் தொறக்கும், அக்கவுண்டு தொறக்காது. காசு வாங்குறப்ப இத யாரும் சொல்றதில்ல, பெத்தவங்க போட்டோ வந்துடும்னு நெனச்சுக் குடுத்துட்டு வெறும் போனோட வீட்டுக்குப் போறாங்க. அதவிடக் கொடுமை நெட்டுல கஸ்டமர் கேர் நம்பர்னு தேடுறது. இலவச ஜிமெயில மீட்டுக் குடுக்க கூகுள் போன் நம்பர் எதுவும் வெச்சுக்கல, அந்தப் பேருல வர நம்பர் திருட்டுப் பசங்களோடது, ஒரு ஆப்ப போடச் சொல்லி ஸ்கிரீன பாத்து பேங்க் காச உருவிடுவான். காசு போயிட்டா உடனே 1930க்கு அடிங்க.

வாசகர்களுக்கு பயப்படாதீங்கன்னும் சொல்லணும், ஏன்னா ரீசெட் பண்ணதும் எல்லாரும் மொதல்ல கேக்குறது ஜிபே காசு போச்சான்னு. காசு பேங்க்ல இருக்கு, அதே சிம் போட்டு திரும்ப ரிஜிஸ்டர் பண்ணா வந்துடும். வாட்ஸப்பும் ஓடிபி போட்டா வந்துடும், 6 நம்பர் பின் வெச்சு மறந்து மெயிலும் குடுக்காம இருந்தா 7 நாள் காத்துக் கெடக்கணும், ஆனா பழைய சாட் வரணும்னா அதுக்கும் அதே கூகுள் அக்கவுண்டுதான் வேணும். வீட்டுல பழைய டேப், மகளோட லேப்டாப், ஆண்ட்ராய்டு டிவி எதுலயாச்சும் அந்த அக்கவுண்டு இன்னும் ஓடுதான்னு தேடுங்க, பழைய போன் ஒண்ணு லாகின்ல இருந்தா அந்த யெஸ் அதுக்கும் வரும். மீட்கப் பாக்குறதயும் வழக்கமா யூஸ் பண்ற எடத்துல வழக்கமான கருவில வெச்சுப் பண்ணுங்க, ஊர் ஊரா பிரவுசிங் சென்டர் போய் அடிச்சா கம்பெனிக்கு இன்னும் சந்தேகம்தான் வரும். ரொம்ப நாள் விட்டுடவும் கூடாது, 2 வருஷம் தொடாத அக்கவுண்ட அழிக்கலாம்னு 2023 டிசம்பர்லருந்து நடைமுறை இருக்கு.

ஏடிஎம் கார்டு தொலஞ்சா பேங்குக்குப் போய் ஒரு மேனேஜர்கிட்ட சண்டையாச்சும் போடலாம், இங்க போறதுக்கு ஒரு கவுண்டர் இல்ல. அதுக்காக ஆதார் காட்டுனா தொறந்துடணும்னும் நான் கேக்கல, ஆதார் ஜெராக்ஸ் எத்தன கடைல கெடக்குதுன்னு எனக்குத் தெரியும், அப்புறம் எவன் வேணா எவன் அக்கவுண்ட வேணா தொறப்பான். 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிப்படி பெரிய கம்பெனிங்க குறை கேக்க இந்தியாவுல ஒரு அதிகாரி வெச்சே ஆகணும், அவர் பதில் சரியில்லன்னா 30 நாளுக்குள்ள அப்பீல் போக மத்திய அரசு 2023 ஜனவரில மூணு கமிட்டி போட்டிருக்கு, ஆன்லைன்லயே போடலாம். இத எத்தன பேருக்குத் தெரியும்? டிப்ஸ் போடுற எடத்துல இதயும் போடலாமே.

கம்பெனிகளுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ரீசெட் பண்ணப் போறப்ப ஸ்கிரீன்ல இன்னின்ன அக்கவுண்டு இருக்குன்னு பட்டியல் காட்டுது, நம்மாளு அதப் படிக்காமலே அமுக்கிடுறாரு. காட்டுறதுக்கு பதிலா அந்த எடத்துல பாஸ்வேர்ட கேட்டுடு. தெரியலன்னா, உனக்கு பாஸ்வேர்டு தெரியல, இப்பவே மாத்திக்கோ, 24 மணி நேரம் கழிச்சு அழின்னு தமிழ்ல சொல்லு. போன் ஓடிட்டு இருக்குறப்ப மாத்துறது சுலபம், அழிச்சப்புறம்தான் கஷ்டம். அதே நேரத்துல, அந்த ரெண்டாவது பூட்டுக்கு போன் இல்லாதப்ப உதவுற பேக்கப் கோடும் எடுத்துக்கலாம், 8 எண் உள்ள 10 கோடு குடுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவதான் செல்லும், எழுதி பீரோல ரேஷன் கார்டோட வெச்சிடலாம். கடைக்காரங்களும் கஸ்டமர உக்கார வெச்சு ஜிமெயில் ஐடி, பாஸ்வேர்ட அவரு கையாலயே எழுத வெச்சிட்டுத்தான் ரீசெட் பட்டன தொடணும். நான் அப்படித்தான் பண்றேன், நேரம் ஆகுதுன்னு சிலர் எந்திரிச்சு எதிர்த்த கடைக்குப் போயிடுறாங்க, போகட்டும்.

அடுத்த வாரம் "மறந்துபோன பேட்டர்ன் லாக்கை திறப்பது எப்படி"ன்னு வரப்போறதா கீழ போட்டிருந்தீங்க. அதுலயும் பவர் பட்டன், வால்யூம் பட்டன்னு எழுதத்தான் போறீங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கள மாதிரி ஒரு சர்வீஸ் கடைக்காரன்கிட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்க சார்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர் (பேரு போட வேணாம், எதிர்த்த கடைக்காரரும் உங்க வாசகர்தான்)
திருத்துறைப்பூண்டி