நாய் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏறியதிலிருந்து எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் வந்து, "அக்கா, நாய்க்கு நீர்க்கடுப்பு, என்ன குடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

எங்கள் மணி நாட்டு நாய், ஆண், ஏழு வயது. போன பங்குனியில் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றான். வந்தது நாலு சொட்டு. கடை வாசல் கோலத்தில் விழுந்த சொட்டு, மாவை ரோஸ் நிறமாக ஊறவைத்தது. சூடு என்றார் அம்மா. மோர், வாழைத்தண்டுச் சாறு எல்லாம் கொடுத்தோம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது, பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடியும் ஊசி. எக்ஸ்ரே எடுக்கலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் தடவை ஒரு சொட்டுகூட வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிஞ்சில் பார்லித் தண்ணீரை எடுத்து அவன் வாயில் விட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே போகிற வழி அடைத்திருக்கும்போது உள்ளே ஊற்றினால் சிறுநீர்ப்பை இன்னும் வீங்கத்தானே செய்யும்! இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் விடிகாலை வாந்தி. அடிவயிறு பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பைக்குள் ஆறு கற்கள். ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால், வழி குறுகும் இடத்தில், துவரம்பருப்பு அளவில் ஏழாவது கல் சிக்கியிருந்தது. டாக்டரம்மா டியூப் செருகி, சலைனை அழுத்தி, அந்தக் கல்லைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றிருக்கும் என்றார். வயிற்றை அமுக்கிப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். அமுக்கினால் பை கிழிந்துவிடுமாம். சலைன் ஏற்றி, உடம்பு தேறியபின் ஆபரேஷன் செய்து எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

அந்தக் கற்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நெருஞ்சிமுள் போல ஒவ்வொன்றிலும் கூர்கூராக முனைகள். இவை உரசித்தான் அத்தனை ரத்தம்.

லேபில் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. அது எந்தச் சாற்றுக்கும் எந்த மருந்துக்கும் கரையாது, எடுத்தே ஆகவேண்டும். பெண் நாய்களுக்கு அதிகம் வருவது ஸ்ட்ரூவைட். கிருமித் தொற்றால் உருவாகிற அந்தக் கல்லை, வழி அடைக்காதவரை, தனி உணவாலும் ஆன்டிபயாடிக்காலும் சில வாரங்களில் கரைத்துவிடலாம். டால்மேஷியன் நாய்க்கு வரும் யூரேட் கல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் சோதனைக்குக் கொடுங்கள். என்ன கல் என்று தெரிந்தால்தான் பிறகு என்ன சோறு போடுவது என்று தெரியும்.

நான் போர் தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட அவன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், எத்தனை தடவை வெளியே போகிறான் என்பதுதான் முக்கியம் என்றார் டாக்டர். காலையில் கட்டினால் கடை சாத்தியபிறகுதான் அவிழ்ப்பேன். இப்போது நாலு வேளை அழைத்துப் போகிறேன், சோற்றிலும் தண்ணீர் விட்டுப் பிசைகிறேன். இந்தக் கல் திரும்ப வரக்கூடியது என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம்.

கால்நடைத் துறையிடம் ஒரு வேண்டுகோள். எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேப்பேரி வந்து சேருவதற்குள், அடைப்பு விழுந்த நாய்க்கு நேரம் கடந்துவிடுகிறது. வடசென்னையின் அரசுக் கால்நடை மருந்தகங்களில் எக்ஸ்ரே, ஸ்கேன் வசதியைப் பெருக்குங்கள். இரவிலும் டியூப் போட ஒரு டாக்டர் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
தையல்கடை நடத்தும் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.