மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, மின்கட்டமைப்புப் பக்கத்திலிருந்து

நண்பர்களே,

காலநிலை மாற்றத்தைத் தடுக்க நம் வேலையால் ஏதாவது ஆகுமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். மின்கட்டமைப்பை இயக்கும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆகும். ஆனால் எங்கே கை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறீர்கள்.

வலைப்பக்கத்தின் எடையைக் குறைப்பது, டார்க் மோட் போடுவது எல்லாம் நல்ல பழக்கம்தான், செய்யுங்கள். அதோடு கடமை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகின் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. உலகப் பயன்பாட்டில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030-க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும், ஏஐதான் அதற்கு முக்கியக் காரணம் என்றும் அந்த முகமை சொல்கிறது. ஆக, எந்த வேலைக்கு எவ்வளவு பெரிய ஏஐ மாடல் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நீங்கள் வாய் திறப்பது, ஆயிரம் படங்களைச் சுருக்குவதைவிடப் பெரிய காரியம். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பு, கணினிகளைப் போட்டிபோட்டுப் புதிர் தீர்க்க வைக்கும் புரூஃப் ஆஃப் வொர்க் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டபோது அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடிப்படை வடிவமைப்பையே மாற்றியதால் கிடைத்த பலன் அது. (கிரிப்டோ நாணயமே உலகத்துக்குத் தேவையா என்ற வம்புக்கு நான் இப்போது வரவில்லை.)

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மின்சாரம் எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரத்தின் அதிர்வெண் (ஃப்ரீக்வென்சி) சரியும். மேகம் எப்போது வரும் என்று தெரியாதபோது, சூரிய மின்சாரம் திடீரென விழுந்தால் தாங்க ஒரு எரிவாயு நிலையத்தையோ நிலக்கரி நிலையத்தையோ அரைகுறை லோடில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கணிப்பு துல்லியமானால் அந்தப் புகையில் ஒரு பகுதி மிச்சம். பிரிட்டனில் ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ் என்ற லாப நோக்கற்ற குழு, செயற்கைக்கோள் எடுக்கும் மேகப் படங்களை வைத்து அடுத்த சில மணி நேரத்துச் சூரிய உற்பத்தியைக் கணிக்கிறது. நிரல் திறந்த மூலம். யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய், வாங்க ஆளில்லாமல் நாங்களே நிறுத்தச் சொல்கிறோம். அதே நாளில், மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் உங்கள் பேட்ச் வேலைகள் இரவு 2 மணிக்கு ஓடும், சர்வர் அப்போது சும்மா இருக்கும் என்ற பழைய காரணத்துக்காக. அந்நேரத்து மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிற கட்டமைப்புகள் நிறைய. அவசரமில்லாத கணினி வேலைகளை, மின்சாரம் சுத்தமாக இருக்கும் நேரத்துக்கு நகர்த்துவதை கூகுள் 2020-லேயே அறிவித்தது. மின்வாகன சார்ஜர், வீட்டு பேட்டரி, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஆகியவற்றின் மென்பொருளிலும் இதையே செய்யலாம். அங்கே கிடைக்கும் பலன் இன்னும் பெரிது.

கவர்ச்சியான வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழங்கால நெறிமுறைகள் (புரோட்டோகால்), பாதியில் நின்றுபோகும் மீட்டர் தரவு, சில நாடுகளில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாளில் குழம்பும் நேரக்குறிகள்: இவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். வந்தவுடன் டாஷ்போர்டு செய்யாதீர்கள், எங்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. முதலில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பணியில் இருப்பவர் எதற்குத் தொலைபேசியை எடுக்கிறார் என்று பாருங்கள். தீர்க்க வேண்டிய சிக்கல் பெரும்பாலும் அந்த அழைப்பில்தான் இருக்கும்.

அப்புறம், கைபேசிகள். ஒரு கைபேசியின் ஆயுள்கால உமிழ்வில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. பழைய இயங்குதளத்துக்கு ஆதரவை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடும் கருவிகளைக் குப்பைக்கு அனுப்புகிறீர்கள். இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

சிமெண்டையும் எஃகையும் மென்பொருள் வார்த்துவிடாது. அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் யாரும் கட்டவில்லை. ஆனால் புதிய எண்ணெய் வயலைத் தேடித் தருவதற்கும் இதே திறமையைத்தான் கேட்கிறார்கள், நல்ல சம்பளமும் தருகிறார்கள். அந்த வேலைக்கு மாட்டேன் என்று சொல்லவும் உங்களால் முடியும்.

இப்படிக்கு,
மின்கட்டமைப்பில் வேலை பார்க்கும் ஒருவன்