பெற்றோருக்கு: காலாண்டு விடுமுறையும் வகுப்பறை இருக்கையும்

கடலூர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவோம். குறுவட்டப் போட்டியில் நம் பிள்ளைகள் கபடியிலும் நீளம் தாண்டுதலிலும் பரிசு வாங்கி வந்தார்கள். கலைத் திருவிழாவில் எட்டாம் வகுப்பின் வில்லுப்பாட்டுக்கு நல்ல கைதட்டல். மழைக்கு முன் கூரை ஒழுகலை அடைக்கும் வேலையும் முடிந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், இன்னொரு விஷயம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைத்தோம். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பெஞ்சும் ஓர் இடம் பின்னால் போகும், கடைசி பெஞ்சு முன்னால் வரும். யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியரும் முடிவு செய்வதில்லை, பிள்ளைகளும் முடிவு செய்வதில்லை. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் வரிசை முடிவு செய்கிறது.

அன்று முதல் இடம் மாற்றக் கேட்டு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. பலவற்றில் சொன்ன காரணம் நியாயமானது, உடனே மாற்றினோம். காது சரியாகக் கேட்காத ஒரு மாணவனுக்கு முன்பெஞ்சு நிரந்தரம். அவன் மட்டும் சுற்றில் வருவதில்லை. "அவனுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று ஒருவர் கேட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பது எங்கள் கடமை. இதில் சலுகை என்ன இருக்கிறது? பாடம் அவன் காதில் விழ வேண்டும், அதற்கு அந்த இடம்தான் தோது.

சில கடிதங்களின் காரணம்தான் பிடிபடவில்லை. ஒன்றில் இப்படி இருந்தது: "என் மகனுக்குக் கண் பார்வை மங்கலாக உள்ளபடியால் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஐந்தாவது பெஞ்சுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கண் தெரியவில்லை என்பதால் பின்னால் போக வேண்டும் என்று கேட்கும் கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். வகுப்பாசிரியர் பையனை எழுப்பிக் கரும்பலகையை வாசிக்கச் சொன்னார். மூலையில் பொடி எழுத்தில் இருந்த தேதி வரை பிழையில்லாமல் வாசித்தான். "அப்பாதான் சார் மாறச் சொன்னாரு" என்றான். ஏன் என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தானே எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு.

இந்தப் பருவத்தில் ஆசிரியர்கள் கவனித்த இன்னொன்று. புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "உன் பேர் என்ன?" இல்லை. "நீ எந்தத் தெரு? ஊரா, காலனியா?" தபால்காரர் கேட்டால் சரி, பத்து வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் பாடநூல் எதிலும் இந்தக் கேள்வி கிடையாது. பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

அகர வரிசை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைப்பதாகத் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதியின் பேரால் அவனுடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அகர வரிசையில் உட்கார வைப்பது, சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது எல்லாம் அதில் உள்ள பரிந்துரைகள். உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாமல் அலுவலகத்துக்குத் தனியாக அழைத்துக் கையெழுத்து வாங்குவதும் நம் பள்ளியின் நடைமுறை. யாருக்கு எந்த உதவித்தொகை என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள் பள்ளியில் படித்தபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்களாம். அவர் அதை உடைத்தார். புதுப் பானை வந்தது, அதையும் உடைத்தார். தலைமையாசிரியர் விசாரித்தபோது நான்தான் என்று ஒத்துக்கொண்டார், அதன்பிறகு எல்லோருக்கும் ஒரே பானை என்றானது என்று சொல்வார்கள். பிறகு அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமை பற்றி ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். எனக்கு என்னவோ அந்தத் தலைமையாசிரியர் மேல்தான் கண். பிள்ளையைத் தண்டித்துவிட்டு மூன்றாவது பானை வாங்கியிருந்தால் ஊரில் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்களில் பலர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறீர்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் எங்கே இடம் காலியோ அங்கே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகிறீர்கள். யாரும் யாரையும் எந்தத் தெரு என்று எழுப்பிக் கேட்பதில்லை. அதே சமயம், வேலை கேட்டுப் போன இடத்தில் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கப்பட்டு, பதில் சொன்னதும் எதிரில் இருந்தவரின் முகம் மாறியதைப் பார்த்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். நம் பள்ளியில் படித்துப் போன பிள்ளைகளே என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கப்போவதும் இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள்தான்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். சாதியை மனதில் வைத்துக் கேட்டால் இடம் மாறாது. கண், காது, உடம்பு என்றால் மருத்துவர் சீட்டோடு வாருங்கள், அன்றைக்கே மாற்றித் தருகிறோம். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது, பெஞ்சும் அதில் அடக்கம். ஒரு பிள்ளையைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் வந்தால், என் அறையில் டீ வாங்கிக் கொடுத்துப் பேசி முடிக்கிற விஷயமாக அது இருக்காது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் போகும். பெரியவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையமும் பக்கத்தில்தான் இருக்கிறது. டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர்களுக்கு: கேட்டால் தருவோம். ஆனால் அடுத்த பள்ளியிலும் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்காரத்தான் செய்வார்.

கண்டிப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சாதியை மனதில் வைத்து இடம் மாற்றக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்டவர்களில் சிலரும் உறவுக்காரர்கள் சொன்னதற்காக எழுதினேன் என்று பிறகு போன் செய்து சொன்னார்கள். அவர்கள் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அது பற்றி இனிப் பேச்சில்லை. "என் பையன் யார் பக்கத்துல உட்கார்ந்தாலும் சரிங்க, கணக்குல பாஸானா போதும்" என்று சொன்ன ஆட்டோக்காரருக்கு என் தனிப்பட்ட நன்றி. கணக்குக்கு நாங்கள் பொறுப்பு, வீட்டுப்பாடத்துக்கு அவர் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். விளையாட்டு விழாவுக்கு வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து இறக்கிய தாய்மார்களுக்கும், கூரை வேலைக்குக் கூலி வாங்காமல் வந்தவர்களுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது.

பள்ளி திறந்து வரும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். இருக்கை பற்றிக் கேள்வி இருப்பவர்கள் அங்கே எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்கலாம், பதில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் 1098 குழந்தைகள் உதவி எண், 14417 கல்வி உதவி எண் இரண்டையும் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இரண்டாம் பருவப் பாடநூல்கள் திறக்கும் நாளிலேயே கிடைக்கும். அட்டை போடப் பழைய நாளிதழ் கொடுத்தனுப்பினால் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்