ஏறி விளையாடச் சொல்லிவிட்டுக் கயிறு கட்டினால் எப்படி?

கடைத்தொகுதி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மதியம் என் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் நான்காம் மாடித் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அங்கே நிற்கும் பெரிய நீல மீன் சிற்பத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலில் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், வந்த பதில் எனக்குப் போதவில்லை.

80 வெள்ளிக்குப் பொருள் வாங்கினால் பிள்ளை அரை மணி நேரம் மீன்மேல் ஏறி விளையாட ஒரு சீட்டு என்று எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே விளம்பரம் வைத்திருக்கிறீர்கள். தொடலாம், ஏறலாம், சறுக்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. சரி, எப்படியும் மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்க வேண்டும், அதை இங்கேயே வாங்கலாம் என்று வந்தோம். காலணி, தண்ணீர் போத்தல், அம்மாவுக்கு ஒரு குடை என்று சேர்த்ததில் 84 வெள்ளி ஆனது, சீட்டும் கொடுத்தார்கள். மேலே போனால் மீனைச் சுற்றிக் கயிறு! பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஏறக்கூடாது என்றார் காவலுக்கு நின்ற பெரியவர். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை, மன்னிப்புக் கேட்டுத்தான் சொன்னார். "ஏம்மா கயிறு கட்டியிருக்காங்க, மீனுக்கு அடிபட்டுருச்சா?" என்று மகள் கேட்டாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பூச்சில் கீறல் விழுகிறது, அதனால் இப்போதைக்குப் பார்வைக்கு மட்டும், சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்பது உங்கள் பதில். பிள்ளைகள் ஏறினால் கீறல் விழும் என்பது செய்யும்போதே தெரியாதா? காலணியும் சில்லறையும் மணலும் படும் இடத்துக்குக் கார் போல மினுங்கும் பூச்சைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். அதற்கு என் மகள் ஏன் தள்ளி நிற்க வேண்டும்?

நான் தோ பாயோவில் வளர்ந்தவள். அங்கே லோரோங் 6இல் இருக்கும் விளையாட்டுத் திடல் டிராகனைத் தெரியாத சிங்கப்பூரர் குறைவு. 1979இல் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ வடிவமைத்தது அது. தலை முழுக்கச் சின்னச் சின்ன ஓடு பதித்திருக்கும், உடம்புக்குக் கம்பி வளையங்கள், கீழே மணல். அந்தத் தலையில் எத்தனை பிள்ளைகள் ஏறி இறங்கியிருப்பார்கள், நானே எத்தனை முறை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பேன்! அதைச் சுற்றி யாரும் கயிறு கட்டவில்லை. பிள்ளைகள் கை, கால், பின்பக்கம் எல்லாம் படும் என்று தெரிந்தேதான் கான்கிரீட்டிலும் ஓட்டிலும் செய்திருக்கிறார்கள். டகோட்டா கிரசென்டில் புறா, பாசிர் ரிஸில் யானை, தெம்பனிஸில் தர்பூசணியும் மங்குஸ்தானும் என்று இந்த ஊரில் பிள்ளைகள் ஏறும் உருவங்களுக்குப் பஞ்சமே இல்லை, எப்படிச் செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்காமலா போனது?

உங்கள் அறிவிப்புப் பலகையில் சிற்பி இசாமு நொகுச்சியின் பெயரை வேறு போட்டிருக்கிறீர்கள், அவரால் ஊக்கம் பெற்ற சிற்பமாம். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் கூடியது. சிற்பம் என்றால் பிள்ளைகள் ஏறி, சறுக்கி, உள்ளே நுழைந்து வெளியே வரலாம் என்று 1933லேயே விளையாட்டு மலை ஒன்றை வரைந்து வைத்தவர் அவர். நியூயார்க் நகரம் அதைக் கட்டவில்லை. கடைசியில் 1976இல்தான் அமெரிக்காவில், அட்லான்டா பூங்கா ஒன்றில் அவருடைய விளையாட்டுத் திடல் வந்தது. ஜப்பானின் சப்போரோவில் அவர் திட்டமிட்ட மொயரெனுமா பூங்காவோ அவர் 1988இல் இறந்து பல வருடம் கழித்து, 2005இல்தான் முழுசாகத் திறந்தது. பிள்ளைகள் தொடுவதற்காக அவ்வளவு காலம் விடாமல் நின்ற ஒருவருடைய பெயரைக் கயிற்றுக்குப் பின்னால் எழுதி வைப்பது சரியில்லை.

கீறல் பற்றி இன்னொன்று. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் காளான்மேல் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது, 1959இல் வைத்தது. பிள்ளைகள் ஏறி ஏறி அந்த வெண்கலம் பல இடங்களில் பளபளவென்று தேய்ந்துபோயிருக்கிறது, அதனால் அது அசிங்கமாகிவிடவில்லை. தேயத் தேய நன்றாக இருக்கும் பொருளில் செய்வதும் ஒரு வேலைத்திறன்தான், உங்கள் மீனைச் செய்தவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைத் தொட்டுப் பார்த்தேன். மதியம் மூன்று மணி, கையை வைக்க முடியவில்லை, சுட்டது. மேலே நிழல் இல்லை, பக்கத்தில் மரமும் இல்லை. வாயிலிருந்து இறங்கும் தகட்டுச் சறுக்கும் அதே வெயிலில்தான் கிடக்கிறது, அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது ஒரு மதியமாவது அங்கே நின்று பார்த்தீர்களா? தரையில் இருக்கும் ரப்பர் விரிப்பும் சறுக்கு முடியும் இடத்தில் மட்டும்தான். முதுகுப்பக்கமாக விழும் பிள்ளை கல் தரையில்தான் விழும். கயிறு இதற்காக என்றால் நானே நன்றி சொல்லியிருப்பேன். பூச்சுக்காக என்கிறீர்களே, அதுதான் என்னை அதிகமாக வருத்துகிறது.

மேலே நிழல்துணி கட்டி, சுற்றிலும் விரிப்பைப் போட்டு, பூச்சை மாற்றிவிட்டு மீனைத் திறந்துவிடுங்கள். அதுவரை எம்ஆர்டி வாசலில் இருக்கும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், இன்னொரு அம்மா 80 வெள்ளிக் கணக்குப் பார்த்துக்கொண்டு வரக்கூடாது. எங்கள் சீட்டை மீன் திறக்கும் நாள்வரை நீட்டித்து எழுத்தில் கொடுங்கள். ரசீதின் படத்தையும் முத்திரை விழாத அந்தச் சீட்டின் படத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன். மகளுக்குப் பள்ளி விடுமுறை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்